மேரினர்ஸுக்கு அடிக்க மறந்துவிட்டதா?

3 ஜூலை 2024 – வாசகர் ஒருவரின் கேள்வி

"ஜூன் 18 அன்று நம் பேஸ்பால் அணி சியாட்டில் மேரினர்ஸ் 44 வெற்றி, 31 தோல்வி. அதே பிரிவில் (டிவிஷன்) இருக்கிற ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸைவிட 10 ஆட்டம் முன்னால். இரண்டு வாரம்தான் ஆகிறது, அந்த முன்னிலை வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி கரைகிறது. பிட்சிங்கில், அதாவது பந்து வீச்சில், குறை சொல்ல எதுவும் இல்லை. அடிக்கத்தான் ஆள் இல்லை. என் கட்சி இதுதான்: பேட்டிங் பயிற்சியாளர்கள் சரியில்லை. மே 31 அன்று ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்சம் இருப்பவர்களையும் அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும். மறுப்பவர்கள் வரலாம்."

3 ஜூலை, இரவு

வந்துவிட்டேன். மறுக்கிறேன்.

என் அப்பா 34 வருஷம் பஸ் மெக்கானிக்காக இருந்தவர். ஏப்ரலில் ஊரிலிருந்து வந்து சியாட்டில் பக்கத்துப் பெல்வியூவில் எங்களோடு இருக்கிறார். பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாமல் வந்தவர், இப்போது தினமும் சாயங்காலம் எனக்கு முன்னால் டிவி முன் உட்காருகிறார். நேற்று மேரினர்ஸ்காரர்கள் மூன்று பேர் வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக், அதாவது மூன்று தப்பு, ஆனால் அவுட்) ஆனதும் நான் கோச்சைத் திட்டினேன். அப்பா சொன்னார்: "வண்டி மேடு ஏறலைன்னா முதல்ல டிரைவரைத்தான் மாத்துவாங்க. அடுத்த டிரைவர் வந்து உட்காருவான். அப்பவும் ஏறாது. அதுக்கப்புறம்தான் எங்ககிட்ட அனுப்புவாங்க."

மே 31க்குப் பிறகு ஒரு மாதம் ஓடிவிட்டது. மேடு ஏறினதா?

4 ஜூலை

இழையில் பேஸ்பால் பார்க்காதவர்களும் இருப்பதாகத் தெரிகிறது. ஒருவர் தனியாகக் கேட்டார்: "அடிக்கவில்லை என்றால் எவ்வளவு அடிக்கவில்லை?" சுருக்கமாகச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

பேஸ்பாலில் அடிப்பது என்பதே தோற்கிற வேலை. பிட்சர் நிற்பது 60 அடி 6 அங்குலம் தள்ளி. மணிக்கு 95 மைல் வேகத்தில் வருகிற பந்து மட்டையாளர் நிற்கிற இடத்தை (ஹோம் பிளேட்) அடைய ஏறக்குறைய 0.4 விநாடி. கண் பந்தைப் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை மட்டையைச் சுழற்றுவது எல்லாம் அதற்குள் நடக்க வேண்டும். நூறு தடவை மட்டையோடு வந்து முப்பது தடவை ஒழுங்காக அடித்தால் அவர் நட்சத்திரம். இந்தக் காலத்தில் லீக்கின் சராசரியே இருபத்து நான்கு. மேரினர்ஸ் அதற்கும் கீழே, பட்டியலின் அடியில் கிடக்கிறது. இருபத்து நான்குக்கும் இருபத்து இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்காதீர்கள். ஒரு ஆட்டத்தில் முப்பது சொச்சம் தடவை மட்டையோடு நிற்கிறார்கள், சீசனுக்கு 162 ஆட்டம். பெருக்கிப் பாருங்கள்.

வேதனை என்னவென்றால் மறுபக்கம். லோகன் கில்பர்ட், ஜார்ஜ் கிர்பி, லூயிஸ் காஸ்டிலோ, பிரைஸ் மில்லர், பிரையன் வூ: இப்படி ஐந்து பிட்சர்கள் ஒரே அணியில் ஒரே வருஷத்தில் கிடைப்பது அபூர்வம். எதிரணியை இரண்டு ரன்னில் நிறுத்திவிட்டு, அந்த இரண்டு ரன்னுக்கே தோற்றுப் போகிறார்கள். சமையல்காரர் பிரமாதமாகச் சமைத்து வைத்திருக்கிறார், பந்தியில் இலைதான் போடவில்லை.

5 ஜூலை

சரி, கோச் இல்லை என்றால் யார் என்று கேட்கிறீர்கள். என் ஓட்டு மைதானத்துக்கு.

ஏப்ரல் கடைசியில் அப்பாவை மேரினர்ஸின் மைதானமான டி-மொபைல் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெல்வியூவிலிருந்து 550 பஸ், இறங்கிக் கொஞ்சம் நடை. மேற்கூரை திறந்திருந்தது. மூடினாலும் பெரிய பயன் இல்லை, அது குடை மாதிரிதான்: மழையைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. அப்பா ஸ்வெட்டர், அதன் மேல் என் பழைய ஜாக்கெட், தலையில் மஃப்ளர். பக்கத்தில் ரயில் பாதை. ஒவ்வொரு சரக்கு ரயிலும் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறபோதெல்லாம் அப்பா ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். வறுத்த வெட்டுக்கிளி விற்கிறார்கள் என்று சொன்னேன், நம்பவில்லை. கடைக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். "இதுக்கா காசு" என்றார்.

நான்காவது இன்னிங்ஸோ ஐந்தாவதோ, நம் ஆள் ஒருவர் தூக்கி அடித்தார். மட்டையில் பட்ட சத்தத்திலேயே மொத்தக் கூட்டமும் எழுந்தது. பந்து போகிறது, போகிறது, வேலிக்கு நாலடி முன்னால் சொத்தென்று கையுறைக்குள் விழுந்தது. "சிக்ஸ் போயிருக்கணுமே?" என்றார் அப்பா. போயிருக்கணும். வேறு ஊராக இருந்தால் போயிருக்கும். கடல் பக்கம், ஈரக்காற்று, கனமான காற்று. பந்து அதில் நீந்த வேண்டியிருக்கிறது.

2012 சீசன் முடிந்ததும் வேலியை உள்ளே இழுத்துக் கட்டினார்கள். அப்படியும் நாட்டிலேயே ரன் எடுக்கக் கஷ்டமான மைதானம் என்று ஒவ்வொரு வருஷமும் கணக்குப் போடுபவர்கள் சொல்கிறார்கள். அங்கே ஸ்ட்ரைக் அவுட்டும் அதிகம். பந்து சரியாகத் தெரிவதில்லை என்று மட்டையாளர்களே சொல்வதுண்டு.

7 ஜூலை

தப்புச் சொல்லிவிட்டேன், திருத்துகிறேன். "ஈரக்காற்று கனமானது" என்று எழுதியதை இயற்பியல் படித்த ஒருவர் பிடித்துக்கொண்டார். ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிடக் கொஞ்சம் லேசானதாம், நீராவி மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும்விட எடை குறைவு என்பதால். சின்ன வயதிலிருந்து நான் தலைகீழாக நம்பிவந்திருக்கிறேன். குற்றவாளி குளிர்தான்: குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம். 10 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் நல்ல அடி ஒன்று மூன்று, நான்கு அடி கூடுதலாகப் போகும். (இரண்டும் வேறு வேறு அடி.) ஈரம் பந்தைக் கொஞ்சம் மந்தமாக்கும் என்பது உண்மை, ஆனால் 2022லிருந்து எல்லா மைதானத்திலும் பந்தை ஒரே அளவு ஈரப்பதமுள்ள பெட்டியில்தான் வைக்கிறார்கள். அதனால் அந்த வாதமும் பாதி போச்சு.

சரி, குளிர் என்றே வைத்துக்கொள்வோம். இந்த வாரம் சியாட்டிலில் வெயில் கொளுத்துகிறது. எங்கள் வீட்டில் ஏசி கிடையாது, அப்பா பனியனோடு உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறார். பந்து பறக்க வேண்டுமே? பறக்கவில்லை. மட்டையில் பட்டால்தானே பறப்பதற்கு.

இன்னொன்று. இதே மைதானத்தைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டுதான் அன்றைய மேரினர்ஸ் மட்டையாளர் இச்சிரோ 2004இல் ஒரே சீசனில் 262 ஹிட் அடித்தார். அந்தச் சாதனை இன்னும் அப்படியே நிற்கிறது. அவருக்கும் அதே ரயில், அதே குளிர்தான்.

7 ஜூலை, கொஞ்சம் பொறுத்து

மேலே நானே என் வாதத்தை உடைத்துவிட்டேன் என்று எனக்கும் தெரிகிறது. சுட்டிக்காட்ட வேண்டாம்.

9 ஜூலை

இரண்டு நாள் யோசித்தேன். மைதானம் ஒரு பங்கு, மறுக்கவில்லை. ஆனால் மைதானம் ஜூன் 18க்கு முன்னாலும் அதே இடத்தில்தான் இருந்தது.

எனக்கு இப்போது தோன்றுவது வேறு. நேற்று ஒரு ஆட்டத்தைப் பதிவு செய்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு நம்மவர்கள் மட்டை வீசுவதைக் கவனித்தேன். முதல் பந்துக்கு எப்படி வீசுகிறார்களோ அதே வீச்சு. முழுச் சுழற்சி, வேலியைத் தாண்ட வேண்டும் என்கிற வீச்சு. அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் இரண்டு ஸ்ட்ரைக் ஆனால் மட்டையை ஒரு அங்குலம் மேலே பிடிப்பார்கள், எப்படியாவது தட்டிவிடப் பார்ப்பார்கள். இப்போது அப்படி ஆடச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. அதற்குக் கணக்கு இருக்கிறது: பிட்சர்கள் இன்று போடுகிற பந்துக்கு மூன்று சிங்கிளை வரிசையாகத் தட்டுவது நடக்காத காரியம், வேலியைத் தாண்டி ஒரு ஹோம் ரன் அடிப்பது நடக்கக்கூடிய காரியம். அதனால் எல்லா அணியும் இப்படித்தான் ஆடுகிறது. ஆனால் தூக்கி அடித்தால் வேலிக்கு முன்னால் விழுகிற மைதானத்தில் பாதி ஆட்டம் ஆடுகிற அணியும் இப்படித்தான் ஆட வேண்டுமா?

ஆக, மைதானமும் பழக்கமும் சேர்ந்து அடிக்கிறது. 5ஆம் தேதி சொன்னதையும் விடவில்லை, பார்த்தீர்களா.

அப்புறம், சரிவு வந்தவனின் மனசு எனக்குத் தெரியும். ரெட்மண்ட் மேரிமூர் பூங்காவில் சனிக்கிழமை கிரிக்கெட் ஆடுகிறேன். மூன்று வருஷம் முன்னால் ஏழு ஆட்டம் தொடர்ந்து ஒற்றை இலக்கம். முதல் இரண்டு ஆட்டம் கவலைப்படவில்லை. மூன்றாவதில் கார்டு மாற்றினேன். நான்காவதில் மட்டையை மாற்றினேன். ஐந்தாவதில் யூடியூபில் பார்த்து நிற்கிற விதத்தையே மாற்றினேன். ஆறாவதில் எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன், பழையபடி எப்படி நின்றேன் என்பது மறந்துபோயிருந்தது. ஏழாவதில் முதல் பந்திலேயே போல்ட். வீட்டுக்கு வந்து புலம்பினபோது மனைவி சொன்னாள்: "கண்ணாடி மாத்தி நாலு வருஷம் ஆச்சு." கண் டாக்டரிடம் போனேன். நம்பர் மாறியிருந்தது. புதுக் கண்ணாடியோடு எட்டாவது ஆட்டம் போனேன்.

டக் அவுட். பந்து மட்டும் ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது.

10 ஜூலை

"அப்புறம் எப்படித்தான் சரியாச்சு?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்பதாவது ஆட்டத்தில் எட்ஜ் வாங்கி ஸ்லிப்புக்கும் கல்லிக்கும் நடுவே ஃபோர் போச்சு. அதற்கு மேல் தானாக வந்தது. எந்தப் பாடமும் இல்லை, மன்னிக்கவும்.

11 ஜூலை

அணியில் ஒழுங்காக அடிக்கிற ஒரே ஆள் மாதிரி தெரிகிறவர் விக்கெட் கீப்பர், அதாவது கேட்சர், கால் ராலே. அவருக்கு இங்கே செல்லப்பெயர் 'பிக் டம்பர்'. அப்பா அதைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "டிப்பர் லாரியா? ஆமா, அப்படித்தான் இருக்கான்" என்றார். அது லாரியைப் பற்றிய பெயர் இல்லை, அவருடைய பின்புறத்தைப் பற்றியது என்று நான் விளக்கவில்லை. யாரும் விளக்க வேண்டாம்.

அப்பா இன்னொன்றும் சொன்னார். "அந்த ரெண்டாம் பேஸ்காரன் ஓடுறது சரியில்லை. கால்ல ஏதோ இருக்கு." ஹோர்ஹே பொலாங்கோவைச் சொல்கிறார். மினசோட்டாவிலிருந்து ஜனவரியில் நான்கு பேரைக் கொடுத்து வாங்கினார்கள், அடிக்கவே மாட்டேன் என்கிறார். தொடைத் தசைப்பிடிப்பு என்று நடுவே கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்தார், அதுதான், இப்போது சரியாகிவிட்டது என்றேன். "ம்" என்றார். எனக்கு என்னவோ அந்த ஆள் சம்பளத்துக்கு நடக்கிற மாதிரிதான் தெரிகிறது.

21 ஜூலை

வெள்ளிக்கிழமை ஆஸ்ட்ரோஸ் இங்கேயே வந்து அடித்துச் சமன் செய்தது. சனிக்கிழமை தாண்டிப் போய்விட்டது. ஜூன் 18இலிருந்து ஒரு மாதம். 10 ஆட்டம் முன்னிலை.

எழுத ஒன்றும் இல்லை.

23 ஜூலை

எழுத இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஓடிவந்து பந்தைப் பிடிக்கப் பாய்ந்த நம் நட்சத்திரம் ஹூலியோ ரோட்ரீகஸ் சுவரில் மோதி வலது கணுக்காலைப் பிசகிக்கொண்டார். திங்கட்கிழமை ஜே.பி. க்ராஃபோர்டின் கையில் பந்து பட்டு சுண்டுவிரல் முறிந்தது. அதே நேரம் டை ஃபிரான்ஸை அணியிலிருந்து விலக்குகிறார்கள் என்று செய்தி. போன வருஷம் 34 தடவை பந்தை உடம்பில் வாங்கி பேஸுக்குப் போனவர் அவர். மட்டை பேசாதபோது முதுகைக் கொடுத்தவர். 2022இல் ஆல்-ஸ்டார், அதாவது லீக்கின் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர். அனுப்பியது தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

கிரிக்கெட்டில் சியாட்டில் ஓர்காஸும் இந்த மாதம் அடி வாங்குகிறது. போன வருஷம் இறுதி ஆட்டம் வரை போன அணி. ஊருக்கே திருஷ்டி. ஸ்டேடியம் வாசலில் யாராவது ஒரு பூசணிக்காய் உடையுங்கள், சில்லறை நான் போடுகிறேன்.

27 ஜூலை

தாம்பா பே அணியிலிருந்து அடிக்கிற ஆள் ஒருவர், ராண்டி அரோசரேனாவை, வாங்கிவிட்டார்கள்! நள்ளிரவு வாக்கில் செய்தி வந்தது, மனைவியை எழுப்பிச் சொன்னேன். எழுப்பியிருக்கக் கூடாது.

30 ஜூலை

ஜஸ்டின் டர்னரும் வந்துவிட்டார். 39 வயது. என்னைவிட மூத்தவர் ஒருவர் அணிக்குள் வருவதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. பயண அலுப்புதான் காரணம் என்று ஒருவர் எழுதியிருந்தார், பதில் சொல்ல மறந்துவிட்டேன். வரைபடத்தின் ஒரு மூலையில் இருக்கிற ஊர், பெரும்பாலான வருஷங்களில் மற்ற எல்லோரையும்விட அதிக மைல் பறக்கிற அணி, உண்மைதான். ஆனால் அதே விமானத்தில்தான் பிட்சர்களும் போகிறார்கள்.

12 ஆகஸ்ட்

நியூயார்க் மெட்ஸ் வந்து மூன்று ஆட்டமும் தோற்றுப் போனது. மூன்றிலும் சேர்த்து நமக்கு 22 ரன், அவர்களுக்கு 1. நேற்று மட்டும் 12க்கு 1, ஹூலியோவும் திரும்பி வந்துவிட்டார். பிரச்சினை தீர்ந்தது. இழையை மூடிவிடலாம்.

22 ஆகஸ்ட்

மூட வேண்டாம்.

டெட்ராய்ட், பிட்ஸ்பர்க், லாஸ் ஏஞ்சலஸ். ஒன்பது ஆட்டம், ஒரு வெற்றி. 64 வெற்றி, 64 தோல்வி. இன்று மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர் மாதிரி) ஸ்காட் செர்வைஸை நீக்கிவிட்டார்கள், கூடவே பேட்டிங் பயிற்சியாளரையும். 2016இலிருந்து இருந்தவர், 21 வருஷம் ப்ளே-ஆஃப் பார்க்காத அணியை 2022இல் அங்கே கொண்டுபோனவர். தன்னை நீக்கிய செய்தியை, நிர்வாகம் சொல்வதற்கு முன்பே, செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். இது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டு வேலைக்காரரைக்கூட யாரும் இப்படி அனுப்ப மாட்டார்கள்.

ஜூலை 3 அன்று கேள்வி கேட்ட நண்பரே, நீங்கள் கேட்டபடி எல்லோரையும் அனுப்பியாயிற்று. இனி பார்ப்போம். டிரைவர் மாறிவிட்டார்.

24 ஆகஸ்ட்

புது மேனேஜர் டான் வில்சன், பழைய கேட்சர். நேற்று முதல் ஆட்டம், 10 இன்னிங்ஸ் (வழக்கமாக ஒன்பதுதான்) போய் ஜெயித்தார்கள். ஆனால் எனக்கு முக்கியச் செய்தி வேறு: பேட்டிங்கைப் பார்த்துக்கொள்ள எட்கர் மார்ட்டினஸ் வருகிறார்.

தெரியாதவர்களுக்கு: ஸ்டேடியத்தை ஒட்டி ஓடுகிற தெருவுக்கே அவர் பெயர்தான். தெருப்பலகையில் இருக்கிற ஆளைக் கூப்பிட்டு வந்து "பசங்க அடிக்க மாட்டேங்கிறாங்க, கொஞ்சம் பாருங்க" என்று கேட்டிருக்கிறார்கள். மொத்த வாழ்க்கைச் சராசரி நூற்றுக்கு முப்பத்தொன்று. இதே மைதானத்திலும் ஐந்தாறு வருஷம் அடித்தவர்.

இப்போது என் கண்ணாடிக் கதைக்கு (9 ஜூலை) திரும்புகிறேன், சிரித்தவர்கள் கவனிக்கவும். எட்கருக்கு மாறுகண் பிரச்சினை உண்டு. இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரே இடத்தைப் பார்க்காது. 0.4 விநாடியில் வருகிற பந்தை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்க அவருக்கு வழியே இல்லை என்றுதான் நாம் நினைப்போம். அவர் தினமும் கண்ணுக்குப் பயிற்சி செய்தார். டென்னிஸ் பந்துகளில் எண் எழுதி, இயந்திரத்தில் போட்டு வேகமாக எறியவிட்டு, வருகிற பந்தில் இருக்கிற எண்ணைப் படிப்பார். அடிப்பதற்கு இல்லை, படிப்பதற்கு மட்டும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எஞ்சின்ல குறை இருக்குன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கு பாரு. அதான் ஓட்டியிருக்கான்" என்றார்.

8 செப்டம்பர்

அடிக்கிறார்கள். பிரமாதமாக என்று இல்லை, ஆனால் சிங்கிள் தட்டுகிறார்கள், இரண்டு ஸ்ட்ரைக்கிலும் தட்டுகிறார்கள். எட்கர் செய்ததா, எதிரணி பிட்சர்கள் களைத்துப் போனார்களா, ஹூலியோ திரும்பியதாலா, அல்லது என் எட்ஜ் ஃபோர் மாதிரியா? பயிற்சியாளரால் ஒன்றும் ஆகாது என்று ஜூலையில் அடித்துச் சொன்னவன் நான். அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். மொத்தமாக வாபஸ் வாங்கவில்லை.

அப்பா அடுத்த வாரம் ஊருக்குத் திரும்புகிறார். பெட்டியில் மேரினர்ஸ் தொப்பி இரண்டு வைத்திருக்கிறார். ஒன்று தெருமுனை டீக்கடைக்காரருக்காம்.

30 செப்டம்பர்

முடிந்தது. 85 வெற்றி, 77 தோல்வி. ப்ளே-ஆஃபின் கடைசி இடங்களைப் பிடித்த டெட்ராய்டும் கன்சாஸ் சிட்டியும் 86. ஒரே ஒரு ஆட்டம். டான் வில்சன் வந்த பிறகு 21 வெற்றி, 13 தோல்வி.

மொத்தக் கணக்கு: அணியின் சராசரி நூற்றுக்கு 22.4, லீக்கில் கடைசிக்கு முந்தைய இடம். ஸ்ட்ரைக் அவுட் 1,625, மொத்த 30 அணிகளிலும் முதலிடம். ஒரு ஆட்டத்துக்குப் பத்து. ஒரு ஆட்டத்தில் கிடைப்பதே 27 அவுட்தான், அதில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பந்தைக் களத்துக்குள் அடிக்காமலேயே கொடுத்திருக்கிறார்கள். லோகன் கில்பர்ட் லீக்கிலேயே அதிக இன்னிங்ஸ் வீசிய பிட்சர்களில் ஒருவர். அவர் கணக்கில் 9 வெற்றி, 12 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு மூன்றே கால் ரன்கூடக் கொடுக்காத மனிதருக்கு இந்தக் கணக்கு. கால் ராலே 34 ஹோம் ரன். மிச் கார்வரைப் பற்றி எழுத நினைத்தேன், சராசரி 17.2 என்பதைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

ஜூலையில் ஒரு நாள், ஏதோ ஒரு ஆட்டத்தில், இரண்டு ஸ்ட்ரைக்கில் ஒருவர் ஒரு சிங்கிளைத் தட்டியிருந்தால். இப்படி யோசித்துக்கொண்டே அலுவலகத்தில் பாதி நாள் போச்சு.

25 அக்டோபர் 2024

பொலாங்கோவுக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை. முழங்கால் தசைநார். சீசன் முழுக்க அந்த வலியோடுதான் ஆடியிருக்கிறார்.

ஜூலை 11 அன்று "சம்பளத்துக்கு நடக்கிற மாதிரி" என்று எழுதினேன். அழிக்கவில்லை, இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அப்பாவுக்குச் செய்தியை அனுப்பினேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "நான் அப்பவே சொன்னேன்ல." கூடவே ஒரு கும்பிடு.

எத்தனை கோட்பாடு பேசினோம் இங்கே. குளிர், ஈரம், விமானம், இரண்டு ஸ்ட்ரைக், பூசணிக்காய். ஒரு ஆளின் முட்டி யார் பட்டியலிலும் இல்லை. ஒன்பது பேரில் ஒருவர்தான், ஒருவரால் 1,625 வராது, அதுவும் தெரியும். இருந்தாலும் மற்ற எட்டுப் பேருக்கு என்னென்ன இருந்ததோ.

11 அக்டோபர் 2025

ஒரு வருஷம் கழித்து இழையைத் தூசி தட்டுகிறேன். தூங்கவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த சீசனில் அதே மைதானம், அதே வேலி, அதே ரயில். 90 வெற்றி, டிவிஷன் கைக்கு வந்தது. டிப்பர் லாரி 60 ஹோம் ரன் அடித்தார். அறுபது! ஒரு கேட்சர்! 2012இல் இழுத்துக் கட்டிய வேலியை மறுபடி இழுக்கவில்லை என்பதையும் 5 ஜூலை 2024 எழுதியவருக்கு நினைவூட்டுகிறேன்.

பொலாங்கோவை வைத்துக்கொள்ள இருந்த 1.2 கோடி டாலர் வாய்ப்பை நிர்வாகம் வேண்டாம் என்றது. பிறகு அதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு அவரையே திரும்ப எடுத்தார்கள். முட்டி சரியான ஆள் 26 ஹோம் ரன். ப்ளே-ஆஃபில் டெட்ராய்டோடு இரண்டாவது ஆட்டத்தில், இன்றைக்கு உலகத்திலேயே அடிக்க முடியாத பிட்சர் என்கிற தாரிக் ஸ்கூபல் பந்தில் இரண்டு ஹோம் ரன்.

நேற்று ராத்திரி டெட்ராய்டோடு ஐந்தாவது, கடைசி ஆட்டம். தோற்றால் வீடு. 2க்கு 2, பத்து இன்னிங்ஸ், பன்னிரண்டு, பதினான்கு. ஏறக்குறைய ஐந்து மணி நேரம். மகன் சோபாவிலேயே தூங்கிவிட்டான். ஊரில் சனிக்கிழமை காலை, அப்பா விடிவதற்கு முன்பே எழுந்து போனில் ஆட்டத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் வீடியோ அழைப்பு திறந்தே கிடந்தது, பேச்சு ஒன்றும் இல்லை. அவர் பக்கம் தெருவில் காய்கறி வண்டிக்காரர் சத்தம்.

பதினைந்தாவது இன்னிங்ஸ். எல்லா பேஸிலும் ஆள். பொலாங்கோ வந்தார். தூக்கி அடிக்கவில்லை. வலது பக்கம் ஒரு சிங்கிள், அவ்வளவுதான். 3க்கு 2.

நான் கத்தியதில் மகன் எழுந்து அழ ஆரம்பித்துவிட்டான். போனில் அப்பா மட்டும் அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கும் அவருக்கும் சில விநாடி தாமதம், அவருக்கு அந்தப் பந்து இன்னும் போடவில்லை.

"என்னடா ஆச்சு?" என்றார். "ஒண்ணுமில்லப்பா, நீங்க பாருங்க" என்றேன்.